கெளுத்தித் தொட்டியில் போட்ட கல்

1962 ஜூலை 8, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து காபி குடித்தேன். பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டியில் கெளுத்தி இரவில் குவித்துப் போட்டிருந்த கற்களை வழக்கம்போலக் கையால் சமன் செய்தேன்.

அடுத்த வீட்டு மைதீன் அண்ணாச்சி வியாபாரமாகக் கொல்லம் போகும்போது விட்டுச் சென்ற மீன் அது. முழங்கை நீளம் இருக்கும். அவர் போட்டிருந்த ஆற்றுமணலைத் தோண்டித் தோண்டித் தண்ணீரைக் கலக்கியது. அதனால் மணலை அள்ளிவிட்டு, கோலப்பொடிக்காக மனைவி உடைத்து வைத்திருந்த வெள்ளைக்கல்லைப் பரப்பினேன். தண்ணீர் தெளிந்துவிட்டது. எனக்கு அதில் பெருமை.

பத்து நாளாக மீன் இரை எடுக்கவில்லை என்பதை டைரியில் தவறாமல் குறித்தேன். காரணத்தைத் தேடவில்லை.

அன்று பத்து மணிக்கு அண்ணாச்சி ஊர் திரும்பி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஈரத்துண்டில் மீனை ஏந்திப் பார்த்தார். மீசைகள் தேய்ந்து போயிருந்தன. உதடு ரணமாகியிருந்தது.

"என்னவே இது? மீசையாலதாம்வே இது இரை தேடும்!"

"தெனமும் கல்லை நிரவுதாரு அண்ணாச்சி. தண்ணி தெளிவா இருக்கணுமாம்," என்றாள் மனைவி.

"தண்ணியவா வளக்கச் சொன்னேன்?"

வயிறு வைத்துப் படுக்க அது இரவெல்லாம் கூர்கற்களை முகத்தால் ஒதுக்கி வெறுந்தரை தேடியிருக்கிறது. காலைதோறும் நான் அந்த இடத்தை மூடியிருக்கிறேன். அப்போதே கற்களை வாரி வெளியே போட்டேன்.

மறுநாள் எழுந்ததும், காபிக்கு முன்பே, சிற்றாற்றுக்குப் போனேன். ஒவ்வொரு பிடி மணலையும் என் உதட்டில் தேய்த்துப் பார்த்துத்தான் வாளியில் போட்டேன்.