முன் சீட்டுக்கு அடியில் டேங்க் வைத்த புண்ணியவான்

கல்யாணப் பெண்ணோடு வண்டி மேட்டடியில் நின்றுவிட்டது. இன்ஜின் இரண்டு தரம் இருமியது, ஒரு தரம் குலுங்கியது, அவ்வளவுதான். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தேன். கரட்டுப்புதூர் ஜனம் மொத்தமும் மேட்டின் உச்சியில் ஆரத்தித் தட்டோடு நின்றது. மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

வண்டியில் பெட்ரோல் இல்லாமல் இல்லை. போதாக்குறைக்கு ஃபுட்போர்டில் ஒரு டின் முழுசாகக் கட்டி வைத்திருந்தேன். ஆனாலும் வண்டி மேலே ஏறாது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், அந்தக் காரைச் செய்த புண்ணியவானின் வேலைத்திறமையை முதலில் சொல்ல வேண்டும். இன்றைக்கு டிரைவர் வேலைக்கு வரும் தம்பிகள் இதை நம்ப மாட்டார்கள்.

டேங்க் இருந்த இடம்

நான் வேலை பார்த்தது பெரியண்ண முதலாளியிடம். ராசிபுரம் பக்கம் நிலம், தோட்டம், கடலைக்காய் வியாபாரம் எல்லாம் உள்ளவர். முப்பதுகளின் தொடக்கத்தில், கடல் கடந்து வந்து இரண்டு கை மாறிய ஒரு டூரர் காரை வாங்கினார். மேலே மடக்குகிற கேன்வாஸ் கூடு, பின்னால் ஸ்டெப்னி, ஊரே திரும்பிப் பார்க்கும் ஹாரன். பார்க்க லட்சணமான வண்டிதான். யாருடைய கம்பெனி என்று கேட்காதீர்கள், அவர்கள் பிள்ளைகுட்டிகளாவது நன்றாக இருக்கட்டும்.

அதில் பெட்ரோல் டேங்க், முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் மரியாதைப்பட்டவர் உட்காருவாரே, சரியாக அவருக்குக் கீழே. பெட்ரோல் ஊற்ற வேண்டுமானால் அவரை இறக்கிவிட்டு, மெத்தையைத் தூக்கி, மூடியைத் திருக வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்று காட்ட மீட்டர் கிடையாது. ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சேலத்தில் பெட்ரோல் போடும்போதெல்லாம் முதலாளிக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிடும்.

“ஏண்டா, நாலு பேரு பாக்கற எடத்துல நான் எந்திரிச்சு நின்னு அடியில என்ன இருக்குதுன்னு காட்டோணுமா? நானென்ன அடைக்கோழியாடா?” என்பார்.

இது கூடத் தொலைகிறது. இன்னொரு வில்லங்கம் இருந்தது. டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் அனுப்ப அந்த வண்டியில் பம்ப் இல்லை. மேலே இருப்பது கீழே ஓடும் என்கிற ஒரே நம்பிக்கையில் குழாய் போட்டு விட்டிருந்தார்கள். சமநிலத்தில் சரி. மேட்டில் மூக்கைத் தூக்கினால் கார்புரேட்டர் மேலே போய்விடும், டேங்க் கீழே தங்கிவிடும். டேங்க் நிறைந்திருந்தால் எப்படியோ முக்கிக்கொண்டு ஏறும். குறைந்திருந்தால் இன்ஜினுக்குச் சொட்டுக் கூடப் போகாது.

இதற்கு ஒரே வைத்தியம், வண்டியைத் திருப்பிப் போட்டு ரிவர்ஸில் மேட்டை ஏறுவது. அப்போது டேங்க் மேலே, இன்ஜின் கீழே. பெட்ரோல் தாராளமாக இறங்கும். அந்த மாடல் ஓட்டிய டிரைவர்கள் எல்லோரும் கழுத்துப் பிடிப்போடுதான் திரிந்தோம். எதிரே வருகிறவனும் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு வந்தால், நம் ஜாதி டிரைவர்தான் என்று தெரிந்துகொண்டு சிரிப்போம்.

மாமன்காரர் போட்ட சவால்

முதலாளியின் மகன் முத்துசாமிக்கு வெண்ணந்தூர்ப் பக்கம் பாவாயி என்கிற பெண்ணை நிச்சயம் செய்தார்கள். பெண் வீட்டில் முகூர்த்தம், முடிந்ததும் பெண்ணை முதலாளியின் ஊரான கரட்டுப்புதூருக்கு அழைத்து வர வேண்டும். காரில் அழைத்து வருவேன் என்று முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். அவருடைய மச்சினர், அதாவது மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், வில்வண்டிதான் என்று மறுகாலில் நின்றார். அவரிடம் ஒரு ஜோடி எருது இருந்தது. பெற்ற பிள்ளையைக் கூட அவர் அப்படித் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்.

“உங்க மோட்டாரு நடுவழியில நின்னு, என்ற எருதக் கட்டி இழுத்துட்டு வந்தா என்ன பண்றீங்க மச்சான்?”

“அப்படி மட்டும் ஆச்சுதுன்னா நாளைக்கே மோட்டார வித்துப்போட்டு, நானும் உங்களாட்ட வில்வண்டி கட்டிக்கறேன் மாப்ள!”

சொல்லிவிட்டு முதலாளி என் பக்கம் திரும்பி, “கேட்டுக்கிட்டியாடா?” என்றார்.

கேட்டுக்கொண்டேன். வண்டி போனால் வேலையும் போகும், அந்த வட்டாரத்தில் காருக்கு டிரைவர் தேடுகிறவர் வேறு யாரும் இல்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன் சேலத்து வெள்ளைக்கல் சுரங்கத்தில் கூடை சுமந்தவன் நான். என் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். மறுபடியும் கூடையைத் தலையில் வைக்க எனக்குத் துளியும் மனமில்லை.

கல்யாணத்தன்று காலையில் டேங்கை நிரப்பிக்கொண்டுதான் போனேன். ஆனால் பெண் வீட்டு ஒறம்பரைச் சனம் லேசில் விடுமா? மாமன்மார் ஒரு தரம், பெரியம்மாமார் ஒரு தரம், கோயில் வரைக்கும் ஒரு தரம் என்று ஏறி இறங்கியே டேங்கில் பாதிக்கு மேல் காலி செய்துவிட்டார்கள். புறப்படும் முன் ஊற்றிக்கொள்ளலாம் என்று டின்னோடு வந்தால், முன் சீட்டில் அருமைக்காரி நல்லம்மாள் உட்கார்ந்திருந்தார்.

அருமைக்காரி என்றால் கல்யாணச் சீர்களை எடுத்து நடத்துகிற பெரிய மனுஷி. அவர் சொன்னால் மணமேடையில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். மடியில் நிறைநாழி வைத்திருந்தார், ஒரு படி நிறையக் கோபுரமாகத் தானியம்.

“அம்மா, சித்தெ எந்திரிச்சீங்கன்னா அடியில பெட்ரோலு ஊத்திக்கறனுங்க” என்றேன்.

“நல்ல நேரம் பாத்து நாழியோட உக்காந்தாச்சு சாமி. இனி மாப்பளை ஊட்டு வாசல்லதான் எந்திரிப்பேன். நடுவுல எந்திரிக்கறது எங்க மொறையில இல்லை.”

“ஒரே நிமிசமுங்க...”

“ஊத்தறத வேற பக்கம் ஊத்து சாமி. இத்தாப் பெரிய வண்டியில வேற ஓட்டையா இல்லை?”

டின்னை ஃபுட்போர்டில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் சமநிலம், வண்டி பூப்போல ஓடியது. கரட்டுப்புதூர் மேடு எதிரே வந்தது. ஒரே மூச்சாக ஏற்றிவிடலாம் என்று வேகமெடுத்தேன். அதன் பலன்தான் நான் முதலிலேயே சொன்னது.

மேட்டடியில் நடந்தது

முதலாளி முன்னதாக ஊருக்குப் போய் மேலே காத்திருந்தார். துண்டு ஒரு பக்கம், குடுமி ஒரு பக்கமாக ஓடி வந்தார். அதற்குள் பின்னாலிருந்து ஜல்ஜல் என்று சத்தம். மாமன்காரர் வில்வண்டியில் வந்து சேர்ந்தார். அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவருக்கே கல்யாணம் போல இருந்தது.

“ஏனுங்க மச்சான், எருத அவுக்கட்டுங்களா?”

“சித்தெ சும்மா இருங்க மாப்ள. டேய், என்னடா ஆச்சு?”

“பெட்ரோலு ஏறலீங்க மொதலாளி. அருமைக்காரம்மா எந்திரிச்சா ஊத்திரலாமுங்க.”

நல்லம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எந்திரிக்க மாட்டேன்” என்றார்.

“ஆளு வெச்சுத் தள்ளலாமா?” என்றார் முதலாளி.

“பொண்ணு வர்ற வண்டியப் போயித் தள்ளறதா? ஊரு வாய என்னத்தப் போட்டு மூடுவீங்க?” என்றார் நல்லம்மாள்.

அதற்குள் மாமன்காரர் கயிற்றை எடுத்துவிட்டார். மேலேயிருந்து யாரோ, “ராகு காலம் வந்துருமுங்க, வெரசா வாங்க” என்று கத்தினார்கள். முதலாளி எருதுகளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் கூடையும் வெள்ளைக்கல்லும் எனக்குத் தெரிந்தன. துணிந்து சொல்லிவிட்டேன்.

“மொதலாளி, வண்டியத் திருப்பிப் பொறகால ஏத்தினா ஏறிருமுங்க.”

அடேயப்பா! நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல் எல்லோரும் வாயில் கை வைத்தார்கள். “பொண்ணு பொறகாலயா ஊடு நொழையறது? ஆகற காரியமாடா அது?” என்று முதலாளியே கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் பின் சீட்டில் மாப்பிள்ளைக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. காலையிலிருந்து தலையே நிமிராமல் இருந்த பாவாயி பேசினாள்.

“ஏனுங்க அம்மா, எங்க தோட்டத்துல கவலை ஓட்டறப்ப எருது பொறகாலதானுங்க மேடேறுது. அது ஏறி வந்தாத்தான் அடுத்த சாலு தண்ணி. அதுல வெளைஞ்ச தானியந்தானுங்க உங்க மடியில இருக்குது.”

கவலை இறைப்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: கிணற்றை ஒட்டி ஒரு சரிவு இருக்கும். எருதுகள் அதில் இறங்கும்போது சால் என்கிற பெரிய வாளி தண்ணீரோடு மேலே வரும். பிறகு எருதுகள் திரும்பாமல், அப்படியே பின்னால் நடந்து மேலே ஏறும். விடிந்தால் பொழுது சாயும்வரை அங்கே எல்லோர் தோட்டத்திலும் இதுதான் நடக்கும். கயிற்றோடு நின்ற மாமன்காரருடைய எருதுகளும் அப்படி ஏறிப் பழகியவைதான்.

நல்லம்மாள் திரும்பி அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த நாழியைப் பார்த்தார்.

“புள்ள சொல்றது வாஸ்தவந்தான். எருது ஏறலாம்னா மோட்டாரும் ஏறலாம். ஆனா பொண்ணும் மாப்பளையும் ஊட்டப் பாத்துத்தான் வரோணும். ரெண்டு பேரும் சீட்டுல திரும்பி முட்டி போட்டுக்கங்க. மொகம் இருக்கற பக்கந்தான் முன்பக்கம்.”

“நீங்க திரும்பலீங்களாம்மா?” என்று கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

“என்ற முட்டிக்கு அது ஆகாது சாமி. நாழியத் தோளுக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கறேன். அதுக்கு ஏது முன்னும் பின்னும்? வண்டிய எடு.”

பக்கத்துக் களத்துக்குள் வண்டியை உருளவிட்டேன். சமநிலம் கிடைத்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கேன்வாஸ் கூட்டை மடக்கினோம். ரேடியேட்டரில் இருந்த மாலையை யாரோ அவிழ்த்து ஸ்டெப்னிக்குப் போட்டார்கள். வண்டியின் பின்புறத்தை மேட்டுக்குக் காட்டி ரிவர்ஸ் போட்டேன்.

திரும்பிப் பார்த்தால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டுப் புடவையும் தலைப்பாகையும்தான். பாதை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. அதற்கும் பாவாயிதான் வழி சொன்னாள். “வலத்த ஒடிங்கண்ணா... இன்னுஞ் சித்தெ... போதும் போதும்... அப்படியே வாங்க, குழி இருக்குது, மெதுவா!” கவலை ஓட்டிப் பழகிய குரல். மாப்பிள்ளை முத்துசாமி அவளையே பார்த்துக்கொண்டு முட்டி போட்டிருந்தாராம், பிறகு ஊரே சொல்லிச் சிரித்தது.

வண்டி ஒரு இடத்திலும் நிற்காமல் மேடேறியது. மேளம் மறுபடி முழங்கியது. சுமங்கலிகள் ஸ்டெப்னிக்கு ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்தார்கள். நல்லம்மாள் வாசலில்தான் எழுந்தார், ஒரு மணி தானியம் சிந்தவில்லை. மாமன்காரர் என் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டு, “என்ற எருதுகிட்டப் படிச்ச வித்தைடா இது!” என்றார். முதலாளி சாப்பாட்டுப் பந்தியில் என்னைத் தன் பக்கத்து இலையில் உட்கார வைத்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ரசம் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பம்ப் வந்த பிறகு

நாற்பதுகளின் கடைசியில் அந்த வண்டியைத் தள்ளிவிட்டு முதலாளி புதிதாக ஒன்று வாங்கினார். இரும்புக் கூரை, பெட்ரோலுக்குப் பம்ப், டேங்க் பின்னால், எவ்வளவு இருக்கிறதென்று காட்ட முள். எந்த மேட்டையும் மூக்கை நீட்டிக்கொண்டு ஏறும். முத்துசாமியின் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. புதுப்பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்து, மேட்டடியில் கியரை மாற்றி, இப்போது பாருங்கடா என்று ஆக்ஸிலேட்டரை மிதிக்கப் போனேன். ஊரே கையை நீட்டி வழியை மறித்தது. முன்னால் நின்றவள் பாவாயி.

“அண்ணா, திருப்புங்க வண்டிய.”

“அம்மிணி, இதுல பம்பு இருக்குதுங்க. நேராவே ஏறுமுங்க.”

“பம்பு இருந்தா இருந்துட்டுப் போவுது. எங்கூர்ல பொண்ணு வண்டி பொறகாலதான் ஏறும். அருமைக்காரம்மா வெச்ச மொறை. என்ற கலியாணத்துலயும் அப்படித்தான, உங்களுக்குத் தெரியாததா?”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்தப் புது வண்டியைச் செய்தவனும் லேசுப்பட்டவன் இல்லை. பின்பக்கக் கண்ணாடியைப் பஞ்சாங்க அளவுக்கு வைத்திருந்தான். ரிவர்ஸில் போனால் ஒன்றும் தெரியாது. பெண்ணும் மாப்பிள்ளையும் முட்டி போட்டால் கூரையில் தலை இடிக்கும். ஸ்டெப்னியை வேறு டிக்கிக்குள் ஒளித்துவைத்திருந்தான், பொட்டு வைக்க இடமில்லை என்று சுமங்கலிகள் சண்டைக்கு வந்தார்கள்.

தம்பிகளே, நான் கற்றுக்கொண்டது இதுதான். வண்டியில் ஒரு கோளாறு இருந்தால் அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடிப்பீர்கள். கண்டுபிடிக்கும் அன்றைக்கே, இது கோளாறுக்காகச் செய்தது என்று நாலு பேர் காதில் போட்டுவையுங்கள். கோளாறை ஒரு நாள் கம்பெனிக்காரன் சரிசெய்துவிடுவான். குறுக்கு வழியை எந்த மெக்கானிக்கும் கழற்ற முடியாது.

டேங்க், பம்ப், கார்புரேட்டர் எல்லாவற்றையும் அந்த மேட்டடியில் நின்று விளக்கிப் பார்த்தேன். பாவாயி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிங்கண்ணா, நல்ல நேரம் போவுது” என்றாள். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ரிவர்ஸ் போட்டேன்.