அமெரிக்காவால் பிரிந்த அண்ணையை டூட்டிங்கில் வென்ற கதை

லண்டனுக்கு எல்லோரும் அரண்மனை பார்க்கப் போவார்கள். நான் மார்ச் மாதம் டொரண்டோவிலிருந்து போனது அங்கே டூட்டிங்கில் இருக்கும் அண்ணையோடு அமெரிக்க அரசியல் பேச. சிரிக்காதீர்கள். அந்நாட்டு அதிபரைப் பற்றிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் நாலு வரி எழுதப்போக, அண்ணை குரல்பதிவாகப் போட்டுத் தாக்கி, கடைசியில் குழுவை விட்டே போய்விட்டார். எங்கள் இருவருக்கும் அங்கே வாக்கே கிடையாது என்பது வேறு விஷயம். ஆனால் ஜூனில் என் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு, அதாவது பூப்புனித நீராட்டு. தாய்மாமன் தண்ணீர் வார்க்காமல் சடங்கு ஏது? எனக்கு இருப்பதோ ஒரே அண்ணை.

ஹீத்ரோவில் எலிசபெத் லைன் பிடித்து, லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் நோர்தேர்ன் லைனுக்கு மாறினேன். டூட்டிங் பிராட்வே வரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், பதினைந்து பவுண்டுக்குக் கிட்ட. வங்கி அட்டையைத் தட்டினாலே போதும். வேலை விடும் நேரத்தில் மட்டும் பெட்டியோடு ஏறாதீர்கள், நான் வாங்கிய முறைப்புகள் போதும்.

அப்பர் டூட்டிங் ரோட்டில் ஒரு யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் கடை. அண்ணிதான் ஏற்பாடு செய்து அண்ணையை அனுப்பிவைத்திருந்தார். அண்ணை வந்தார், உட்கார்ந்தார், சுகம்கூட விசாரிக்கவில்லை.

“அந்தாளைப் போல ஒருத்தன் இஞ்ச இருந்தா இந்த நாடு எப்பவோ திருந்தியிருக்கும். எல்லையைப் பூட்டினான், பாத்தியோ?”

அகதியாக வந்து இறங்கிய மனிதர் எல்லையைப் பூட்டச் சொல்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கருத்து இதுதான்: சத்தம் போடுகிறவரெல்லாம் உறுதியானவர் அல்ல. காலையில் ஒரு இறக்குமதி வரி, மாலையில் இன்னொரு வரி என்று மாற்றுகிற ஆட்சியை நம்பி யாரும் தொழில் நடத்த முடியாது. இதை நான் ஊர்வம்பாகச் சொல்லவில்லை.

“அண்ணை, அவர் போட்ட வரியால எங்கட பட்டறையில ரெண்டு பேரை வேலையால நிப்பாட்டினம். நாங்கள் செய்யிற சமையலறை அலுமாரி எல்லாம் அமெரிக்காவுக்குத்தானே போனது.”

கையில் எடுத்த மட்டன் ரோல்ஸை அண்ணை அப்படியே வைத்தார். “இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“குழுவையும் விட்டுட்டியள், போனையும் எடுக்கேல்லை. ஆரிட்டச் சொல்லுறது?”

அண்ணை தட்டை ஒரு பக்கம் தள்ளினார். “சரி, வாறன். என்ர மருமகளுக்கு நான் தண்ணி வாக்காமல் வேற ஆர் வாக்கிறது? ஆனா அந்தாளைப் பற்றின என்ர எண்ணம் மாறாது, சொல்லிப்போட்டன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு கொத்து ரொட்டி சொன்னேன்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சனி, ஞாயிறு மத்தியானம் அங்கே இடம் கிடைப்பது கஷ்டம், நேரத்தோடு போங்கள். சொந்தக்காரரோடு அரசியல் பேசுவதென்றால் விமானம் ஏறிப் போய், முகம் பார்த்துப் பேசுங்கள். எழுந்து போக நினைத்தாலும் சாப்பாடு பிடித்து வைத்துவிடும்.

அந்த மேசையிலேயே போனில் அண்ணைக்கு டிக்கெட் தேடினேன். டொரண்டோவுக்கு நேர் விமானம் எட்டு மணி நேரத்துக்குக் கிட்ட. நியூயார்க் வழியாகப் போனால் நேரம் கூட, விலை குறைவு. அதைக் காட்டியதும் அண்ணை அவசரமாகக் கையை ஆட்டினார்.

“வேண்டாம் பிள்ளை, நேர போறதையே போடு. அமெரிக்காவில இறங்கினா எல்லையில போனை எல்லாம் வாங்கிப் பாக்கிறாங்களாம். எங்களைப் போல ஆக்களை என்ன செய்வாங்களோ, ஆருக்குத் தெரியும்?”

நேர் விமானத்துக்கு நூற்றுச் சொச்சம் பவுண்ட் கூட. அவர் தடுக்கத் தடுக்க நானே கட்டினேன். இப்படி ஒரு வெற்றிக்கு அது மலிவு.