பாலைப்பழம் பழுக்கும் முன்

அந்த வருடம் முழுக்க எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கடைசி வகுப்பு முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, சேத்தியாத்தோப்பு வழியாக அம்மாவின் ஊருக்குப் போவேன். ஊரை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். சனம் எல்லாம் புதுக் காலனிக்குப் போய்க்கொண்டிருந்தது. வீடு போனால் இன்னொரு வீடு கட்டிக்கொள்ளலாம். ஐயனார் கோயில் காடுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சின்னக் காடுதான். சுற்றிலும் முந்திரித் தோப்பு, நடுவில் உலக்கைப் பாலை, வீரை, குருந்து, காயா என்று ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும். சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேடுகளிலும் மரம் நட்டிருக்கிறார்கள், பச்சைக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே ஒரு குக்குறுவான் குருவிகூடக் கத்தி நான் கேட்டதில்லை. தின்னப் பழம் இல்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை? அக்கம்பக்கத்துக் கோயில் காடுகள் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டன. இந்தக் காட்டிலிருந்தாவது பாலை விதை எடுத்துக் கன்று வளர்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

அது அவ்வளவு சுலபமில்லை. ஐயனார் காட்டுக்குள் செருப்பு போடக் கூடாது, சுள்ளி பொறுக்கக் கூடாது, கீழே விழுந்த கொட்டையைக்கூட வெளியே கொண்டுவரக் கூடாது. பூசாரி என் தாய்மாமாதான். சொந்தம் என்பதற்காக இம்மியும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

“சாமி இருக்கறவரைக்கும் தொடாதம்மா. சாமியக் காலனிக்குக் கூட்டிட்டுப் போனப்பறம் எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கோ” என்றார்.

எனக்கு அது போதும். பாலை வைகாசியில் பழுக்கும். இயந்திரங்கள் அந்தப் பக்கம் வர இன்னும் நாள் இருந்தது.

தை மாதம் பூக் கேட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ‘எங்ககூட வர்றியா சாமி’ என்று மாமா கேட்க, ஒரு குழந்தை எடுத்த பொட்டலத்தில் வெள்ளை வந்தது. வெள்ளை என்றால் சம்மதம். சாமியைக் கலசத்தில் இறக்கி, மேளம் கொட்டி, டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாமா வழியெல்லாம் அழுதார்.

மாசியில் ஒரு சனிக்கிழமை போனபோது காட்டுக்குள் வெயில் அடித்தது. அந்தத் தரையில் வெயிலை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. இயந்திரம் எதுவும் வரவில்லை. வெட்டிக்கொண்டிருந்தது எங்கள் ஊர்க்காரர்கள்தான். மாமாவின் மகன் ஒரு பாலையைச் சாய்த்துப்போட்டு அறுத்துக்கொண்டிருந்தார். காலில் செருப்பு.

“என்னா மச்சான் இது?”

“சாமிதான் கெளம்பிடுச்சே. இனிமே இது வெறும் மரம். புல்டோசர் வந்தா எப்படியும் மண்ணாத்தான் போவப்போவுது. நம்ம வீட்டு வாசக்காலாவது ஆவட்டும்.”

அவரை அறையத்தான் தோன்றியது. மாமா எனக்குத் தந்த அனுமதி ஊருக்கே தந்ததாகிவிட்டது. சாய்ந்த கிளைகளில் பச்சைப் பிஞ்சுகள். பிஞ்சு முளைக்காது என்று பாடம் நடத்துகிறவள் நான்தான். ஆனாலும் துப்பட்டா நிறையப் பொறுக்கிக்கொண்டு போய் ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

காலனிக்குப் போய் மாமாவிடம் கத்தினேன். “காடு என்னா ஆவணும்னு பூக் கேட்டீங்களா மாமா?”

“அத யாரும்மா கேப்பாங்க?” என்றார். “சாமி வேற, காடு வேறன்னு நான் நெனச்சதே இல்லியே.”



வைகாசியில் மாமா போன் செய்தார். காலனிக் கோயிலின் தகரக் கூரைக்குள் மரநாய் ஒன்று குடிவந்திருக்கிறதாம், விரட்ட வழி கேட்டார். நான் விடுப்பு சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். மரநாய் பாலைப்பழம் தின்னும், கொட்டையை முழுசாகக் கழியும். எங்கேயாவது ஒரு பாலை மிச்சமிருந்து பழுத்திருந்தால் அதன் எச்சத்தில் தெரிந்துவிடும். பஸ் ஆமைபோல ஊர்ந்தது. இறங்கி நடந்துகூடப் போய்விடலாம் என்று தோன்றியது.

கோயிலுக்குப் பின்னால் சுவரோரம் எச்சம் குவியல் குவியலாகக் கிடந்தது. அங்கேயே உட்கார்ந்து ஒரு குச்சியால் கிளறினேன். சோற்றுப் பருக்கை, கோழி இறகு, பிஸ்கட் கவர்த் துண்டு. அடுத்ததிலும் அதேதான்.

பூசைக்குக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்த மாமா, “என்னாம்மா தேடுற?” என்றார்.

“பாலக் கொட்ட மாமா.”

அவர் பூத்தட்டைச் சுவர் மேல் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் குந்தி, ஒரு குச்சியை எடுத்து அடுத்த குவியலைக் கிளறத் தொடங்கினார்.