கொள்ளிடக் கரை பங்களாவின் தகரக் கதவு

ஐம்பதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் இருந்த ஒரு தோட்ட பங்களாவுக்கு நான் காவலாக இருந்தேன். மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவர் கட்டியது. அவருடைய உறவினர்களும் அவருக்கு வேண்டியவர்களும் கோயிலுக்கு வந்தால் அங்கே நாலைந்து நாள் தங்கிப்போவார்கள். ஊரின் கடைசி வீடு முக்கால் மைலுக்கு அந்தப் பக்கம். சுற்றிலும் தென்னையும் வாழையும்தான். கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஆள் கிடையாது.

வந்தவர்களுக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. எனக்கு அதுதான் பயம். வந்தவர்கள் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார். எட்டாவதோடு நின்ற என்னிடம் இதைக் கொடுத்துவிட்டாரே என்று நினைப்பேன். பாம்புக்குப் பயந்து வாசலைச் சுற்றிப் புல்லைச் செதுக்கிக்கொண்டே இருப்பேன். கிணற்றுக்கு மரப்பலகையில் மூடி போட்டேன். ஒரு தடவை யாரோ சுவரேறிக் குதித்துப் பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து மதில் முழுக்கக் கண்ணாடிச் சில்லு பதித்தோம். ஆற்றுப் பக்கம் தகரம் அடித்த ஒரு கதவு. திறந்தால் படி, படிக்குக் கீழே மணல்.

கதவுக்கு உள்பக்கம், மதிலை ஒட்டி, பெண்கள் குளிக்கக் கீற்றுத் தட்டி கட்டியிருந்தது. அந்தப் பக்கம் போக வேண்டுமானால் நான் தூரத்திலேயே நின்று இருமுவேன். தட்டிக்குள் யாராவது இருந்தால் வளையலைக் குலுக்குவார்கள். வராதே என்று அர்த்தம். திரும்பிவிடுவேன். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இயல்பிலேயே கூச்சக்காரனான எனக்கு இது வசதியாகவும் இருந்தது. வெளிப் பெண்கள் ஒருவரிடமும் நான் முகம் பார்த்துப் பேசியதில்லை.

ஓர் ஆடி மாதம், மதராஸிலிருந்து ஒரு தம்பதி ஐந்து வயதுப் பெண் குழந்தையோடு வந்திருந்தார்கள். ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். இரண்டாம் நாள் மதியம் மூன்று மணி இருக்கும். ரோட்டில் தமுக்கு அடித்துக்கொண்டு ஒருவன் போனான். முக்கொம்பு அணையிலிருந்து கொள்ளிடத்தில் தண்ணீர் திருப்பிவிட்டாயிற்று, யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்றான். நான் சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். தகரக் கதவு சாத்தித்தான் இருந்தது. பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். அப்பாடா என்று இருந்தது.

குழந்தையின் அப்பாவிடம் சொல்லலாம் என்று முன்னால் வந்தால் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. உள்ளறைக் கதவு மூடியிருந்தது. அந்த அம்மாளும் குழந்தையும் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் பொறுத்து, காய்ந்த மட்டைகளை எடுக்கக் கொல்லைப் பக்கம் போனேன். தட்டி இருந்த திசையிலிருந்து வளையல் சத்தம் வந்தது. கூடவே லேசாக ஏதோ தட்டும் ஓசை. துணி துவைக்கிறார்கள் போல என்று நினைத்து, வழக்கம்போல இருமினேன். ஓசை சட்டென்று நின்றது. பிறகு வளையல் மட்டும், முன்னைவிடப் பலமாக, இரண்டு முறை குலுங்கியது. நான் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிட்டேன்.

கால் மணி கழித்து அவர் எழுந்து, மனைவி எங்கே என்று கேட்டார். குளிக்கிறார்கள் போலிருக்கிறது என்றேன்.

“குழந்தை?”

உள்ளறையைத் திறந்து பார்த்தார். யாரும் இல்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. குளிக்கிற வாளி காலையிலிருந்து கிணற்றடியில் கவிழ்ந்தே கிடந்தது. தட்டிக்குள் தண்ணீரே இல்லை. அப்படியானால் அந்த வளையல் சத்தம் மதிலுக்கு உள்ளேயிருந்து வரவில்லை.

என் கால் எப்படி ஓடியது என்று தெரியவில்லை. பூட்டில் சாவி நுழைய மறுத்தது. அவர் என் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் தானே திறந்தார். வெளியே யாரும் இல்லை. மணலைக் காணோம். கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் தண்ணீர் நுரை கட்டிக்கொண்டு போயிற்று. மேல்படிகள் இரண்டுதான் வெளியே தெரிந்தன. ஒன்றில் குழந்தையின் சின்னத் துண்டு நனைந்து கிடந்தது.

அவர் தண்ணீரைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கத்தினார். மதிலுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம் தரை மிஞ்சியிருந்தது. அதில் ரத்தம் பட்ட காலடி ஒன்று தெரிந்தது. அதைக் காட்டினேன். மதிலைப் பிடித்துக்கொண்டே போனோம். மதிலிலிருந்து உதிர்ந்த கண்ணாடிச் சில்லுகள் காலடியில் நொறுங்கின. மதில் முடிந்த இடத்தில் முள்வேலி. வேலியைத் தாண்டியிருந்த வாழைத்தோட்டத்து வரப்பில் அந்த அம்மாள் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புடவை கிழிந்து, இரண்டு பாதமும் அறுபட்டிருந்தன. குழந்தைக்கு ஒன்றுமில்லை. அது தூங்கிப்போயிருந்தது.

யார் கதவைப் பூட்டியது என்று அவர் கேட்டார். நான்தான் என்றேன். கையை ஓங்கினார். அந்த அம்மாள் தடுத்தார்.

“அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. இருமினாரு, கேட்டுது. ஆள் வந்துட்டாருன்னு தட்டறதை நிறுத்திட்டு வளையலைக் குலுக்கினேன். திறப்பாருன்னு பாத்துட்டே நின்னேன்.”

“வாயைத் திறந்து கூப்பிடறதுக்கென்ன?”

“தெரியாத ஆம்பிளையை என்னன்னு கூப்பிடறது?”

எனக்கும் வளையல் சத்தம் கேட்டது என்று நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடிக்குப் பயந்து அல்ல. கேட்டுவிட்டுத்தான் திரும்பிப் போனேன் என்று அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

காலில் கட்டுப் போட்டுக்கொண்டு அன்று சாயங்காலமே கிளம்பினார்கள். ஜட்கா வண்டியில் ஏறியதும் அந்த அம்மாள் என்னைப் பார்த்து நேராகவே பேசினார்.

“இனிமே பூட்டறதுக்கு முன்னாடி சத்தம் போட்டுக் கேளுங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.”

தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்த வாரம், ஆற்றில் வெள்ளம் வடிந்த பிறகு, வையம்பட்டியிலிருந்து ஒரு பெரிய குடும்பம் வந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் தகரக் கதவின் முன் நின்றேன். இருமல்தான் முதலில் வந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஆற்றுப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. சமையலறையில் பெண்கள் சிரித்தார்கள்.

“யாருடி அது, ஏலம் போடறாரு?”

“எல்லாரும் இங்கதான் இருக்கோம், பூட்டிக்குங்க” என்றார் இன்னொருவர்.

சாவியைப் போடவில்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கி, தண்ணீர் ஓரம் வரை போய், மணலில் கடைசிக் காலடித் தடம் வரைக்கும் பார்த்துவிட்டு வந்துதான் பூட்டினேன்.