மோட்டார் சாவியோடு ஏற்காடு போனது

வல்லம் வடகாலில் கம்பெனிப் பிள்ளைகள் குடியிருக்கும் அறைகளில் நான் கட்டியவை தனியாகத் தெரியும். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் கொத்தனாருக்கே நூல் பிடித்துக் காட்டுவேன். தண்ணீர் இல்லை என்று என் வாடகைக்காரர் ஒருவரும் ஷிப்டுக்குப் பிந்தியதில்லை. மோட்டாரை நானேதான் போடுவேன். வேறு ஆள் கை வைத்தால் தொட்டி வழியும், இல்லையென்றால் மோட்டார் காயில் எரியும். அதனால் மோட்டார் அறைச் சாவி என் அரைஞாண் கயிற்றிலேயே கிடக்கும்.

இந்தக் கோடையில் மகனும் மருமகளும் எங்களை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனார்கள். நாள் வாடகைக்கு எடுத்திருந்தது, காப்பித் தோட்டத்து நடுவில், வெள்ளைக்காரன் காலத்துக் கல் வீடு. கல்யாணமானதிலிருந்து என் மனைவி ஆஸ்பத்திரி தவிர வெளியில் தங்கியதே இல்லை. வந்ததும் வராததுமாக வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன். முழங்கை நீளத்துக்குக் கனம். வேலை சுத்தம். ஜன்னல்தான் சிறிசு, நானாக இருந்தால் பெரிதாக வைத்திருப்பேன் என்றேன்.

"உன்ன கேக்காம கட்டிட்டான் வெள்ளக்காரன். இன்னா பண்றது?" என்றாள்.

மதியச் சாப்பாடு முடியுமுன் போன். அறையில் குடியிருக்கும் தென்காசிக்காரர்.

"ஐயா, சொட்டுத் தண்ணி இல்ல. ஒங்க மச்சான் சாவி இல்லன்னு முழிச்சிட்டு நிக்காரு. செகண்ட் ஷிப்டுக்குப் போணும்லா!"

இடுப்பைத் தடவினேன். இருந்தது. மோட்டாரை எப்படிப் போடுவது, எப்போது நிறுத்துவது என்று, பார்த்துக்கொள்ள விட்டுவந்த மச்சானுக்கு ஒன்று விடாமல் சொல்லியிருந்தேன். சாவியைத்தான் கழற்றிக் கொடுக்கவில்லை.

"வண்டிய எடுடா" என்றேன் மகனிடம்.

"நாம போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க ஷிப்டே முடிஞ்சிடும்பா."

மனைவி படியை விட்டு அசையவில்லை. "நீ போ. நான் இங்கதான் கீறேன். யோவ், நீ தாலி கட்டுனது எனக்கா, மோட்டாருக்கா?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் மச்சானைப் போனில் பிடித்தேன்.

"பூட்ட ஒடைடா."

"மாமா, நெசமாத்தான் சொல்றியா?"

"ஒடைடான்னா!"

ஆள் மாற்றி ஆள் அடித்தும் பூட்டு உடையவில்லையாம். கடைசியில் கதவுக் கொண்டியைத்தான் பெயர்த்திருக்கிறார்கள். நான் பார்த்து வாங்கிய பூட்டு, பின்னே?

"தண்ணி ஏறுது மாமா" என்றான் மச்சான். தொட்டி வழிந்ததா என்று பிறகு கேட்டேன். வழியவில்லையாம். காயிலுக்கும் ஒன்றும் ஆகவில்லையாம்.

மனைவிக்கு இது காதில் விழுந்துவிட்டது. "டேய், இன்னும் ரெண்டு நாளு சேத்து இருக்கலாமானு இந்த வூட்டுக்காரன கேளுடா" என்றாள் மகனிடம்.

சாவி இடுப்பில் உறுத்திக்கொண்டிருந்தது. கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தேன். ஜன்னல் சிறிசாக இருந்தாலும் கட்டை நல்ல அகலம்.