பூதம் துரத்தும் மெஷினை நான் விடவில்லை

வீடியோ கேம் கடை வேலையில் முதலில் போவது காது, அடுத்தது பொறுமை. கல்லாவில் உட்கார்ந்து பிழைத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு லாட்ஜின் கீழறையில் எனக்கு அந்த உத்தியோகம். பம்பாயிலிருந்து மூன்று பழைய மெஷின்கள் பரீட்சைக்காக வந்து இறங்கின. ஓணம் கழிந்ததும் திருப்பி எடுத்துப்போக லாரி வரும், ஒன்று மட்டும்தான் நிற்கும், அதற்கும் ஆள் சேராவிட்டால் கடை பேக்கரியாகிவிடும் என்றார் முதலாளி சுகுமாரன்.

பேக்கரியானால் எனக்கு வேலை இல்லை. தஞ்சாவூருக்கு மாற்றலாகிப் போகும் அண்ணனோடு மூட்டை கட்டி, மன்னியின் அடுக்களையில் காய் நறுக்க வேண்டியதுதான். போவதில்லை என்று முடிவு செய்தேன். மூன்றையும் நானே ஆடிப் பார்த்துத் தேறுவது எது என்று கண்டுபிடிக்க உட்கார்ந்தேன்.

வானத்தில் சண்டை

முதல் மெஷினில் மேலே எதிரி, கீழே நாம், சுட வேண்டும். யாரும் சொல்லித்தர வேண்டாம், அது அதன் நல்ல குணம். கெட்ட குணம் வேகம். பொன்முடி எஸ்டேட்டில் மருந்தடிக்கும் வேலுச்சாமி, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர், ஆசையாக உள்ளே வந்தார். கைப்பிடியைச் சரியாகப் பிடிப்பதற்குள் ஆட்டம் முடிந்தது.

நான் விடவில்லை. பின்பக்கக் கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் குட்டி சுவிட்சுகளைத் தள்ளி வேகத்தைக் குறைத்தேன். மறுபடி ஆடினார், மறுபடி தோற்றார். கோபமே இல்லாமல் என்னிடம் வந்து சொன்னார்: "அக்கா, எங்க கங்காணிகூட ரெண்டு வார்த்த பேசிட்டுத்தான் வெரட்டுவாரு. இது வந்து நின்னதுமே வெரட்டுது."

கார் ஓட்டம்

இரண்டாவதில் நிஜ ஸ்டியரிங், நிஜ கியர். அதன் உறுமல் ரயிலடி வரை கேட்கும். முதலாளிக்கு அதன்மேல் ஒரே மோகம். எனக்குத்தான் வயிற்றெரிச்சல். சத்தத்துக்கு வந்த கூட்டம் வாசலை அடைத்து நின்று வேடிக்கை பார்க்குமே தவிர, ஸ்டியரிங்கில் உட்காராது.

ஒருநாள் விதுரா பஸ்ஸை ஓட்டும் டிரைவர் உட்கார்ந்தார். ஆகா, கடைசியில் ஒரு வித்தகர் என்று நிமிர்ந்தேன். மனிதர் ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போட்டு, ஓரம் கட்டி நின்றார். பின்னால் வந்த கார்களெல்லாம் தாண்டிப் போயின, நேரம் தீர்ந்து திரை அணைந்தது. ஏன் நின்றீர்கள் என்று கேட்டதற்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "மோளே, எதிரே ஒரு வண்டி ஏறி வந்தா ஒதுங்கித் தரணும், அது மலை ரோட்டு நியமமாக்கும். இவன்மாருக்கெல்லாம் லைசன்ஸ் யாரு கொடுத்தது?"

வலமாகப் போகும் மாமி

மூன்றாவது, சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளை விழுங்கும் ஆட்டம். நாலு பூதங்கள் துரத்தும். சத்தம் குறைவு, சுடுவது கிடையாது, புடவைத் தலைப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டே ஆடலாம். ஒரே குறை, அது பார்வைக்குச் சப்பை. ஆண்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி, பார்க்க வேண்டாம் என்று, காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என அட்டை எழுதித் தொங்கவிட்டேன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

மழைக்கு ஒதுங்கியவர்தான், கோட்டைக்குள் கோயில் தெருவில் வசிக்கும், எங்கள் வீட்டுக்குத் தெரிந்த அலமேலு மாமி. கோயிலுக்குப் போய் வந்த ஈரத்தோடு கைப்பிடியைப் பிடித்தார். வலப்பக்கமாகவே சுற்றினார். பூதம் நேரே வந்தபோதும் இடப்பக்கம் திரும்பவில்லை. "இடது பக்கம் தள்ளுங்கோ மாமி" என்று நான் கத்தியும் பயனில்லை. தோற்றதும் என்னைத்தான் கடிந்துகொண்டார்: "ஏண்டி சாரதா, பிரதட்சிணம் பண்றப்போ பாதியிலே திரும்புவாளோ? பூதத்தை வேணா திரும்பிப் போகச் சொல்லு."

லாரி வந்த காலை

மாமி மறுநாளும் வந்தார், மகன்கள் கட்டிய இரண்டு நாட்டுப்பெண்களோடு. ஓணம் கழிந்தது. லாரியும் வந்தது, அதுவும் பெண்கள் நேரத்தில். கார் நிற்கட்டும், மற்ற இரண்டையும் ஏற்று என்றார் முதலாளி. நான் பூத மெஷினின் முன்னால் போய் நின்றேன். நகரவில்லை. "வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை வச்சுக் கடை நடத்த முடியாது சார்" என்றேன்.

சுமைதூக்குகிறவர் என்னைத் தாண்டிக் கை நீட்டினார். மெஷினில் ஆடிக்கொண்டிருந்த மாமி திரும்பாமலே, "தொட்டா தெரியும், இன்னும் ரெண்டு சுத்து பாக்கி" என்றார். அவர் பின்னால் மாமியின் தெருவில் வசிக்கும் பெண்கள் வாசல்வரை வரிசையில் நின்றார்கள், எல்லார் கையிலும் காசு. முதலாளி அந்த வரிசையைப் பார்த்தார், காலியாகக் கிடந்த கார் சீட்டைப் பார்த்தார், பிறகு லாரிக்காரரிடம் காரைக் காட்டினார். என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "சாரதே, பேக்கரிக்கு ஒருத்தன் அட்வான்ஸோடு வந்திட்டிருக்கான். அவன்கிட்ட இடம் இல்லைன்னு இனி நீ தன்னே பேசிக்கோ."

பல மெஷின்களோடு மல்லுக்கட்டியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: எதைத் தூக்க வந்தால் ஆட்கள் சண்டைக்கு நிற்கிறார்களோ அதுதான் நல்ல விளையாட்டு, ஆடத் தெரிகிறதா என்பதெல்லாம் அப்புறம்.