வேல்யூயேஷன் அன்று அப்பா வெளியே இருந்தார்

என் தங்கை வீட்டுக்காரருக்கு நாங்கள் வைத்த பேர் எக்ஸ்பிரஸ். ஃபிரிட்ஜ் மெக்கானிக். எப்போது பார்த்தாலும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர் மாதிரிதான் நிற்பார். கல்யாணத்தன்று போட்டோக்காரரிடமே, "சீக்கிரம் எடுங்க, எவ்வளவு நேரம்தான் சிரிக்கிறது" என்று கேட்ட ஆள். ஆனால் வேலை சுத்தம். அதை நான் எங்கும் சொல்வேன்.

அவருடைய அப்பா நேர் எதிர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் கடைசி ஸ்டாப் வரைக்கும் பிரேக் கிடையாது. தெருவில் அவருக்கு ரேடியோ என்று பேர். வீடு அவர் கட்டியது. மகன் கேட்காமலே அவன் பேருக்கு எழுதிக் கொடுத்தார். மூட்டுவலி வந்து மாடி ஏற முடியாமல் போனபோது, பின்பக்கம் ஷீட் கூரை போட்டு அவருக்கென்று ஓர் அறை கட்டியது எக்ஸ்பிரஸ்தான். அந்த அறையை அவர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருப்பார்.

எக்ஸ்பிரஸுக்கு ஒரே ஆசை, சொந்தமாக ஒரு கடை. மாடிப்படிக்கு அடியில் குனிந்து குனிந்து வேலை பார்த்து முதுகே கூன் விழுந்துவிட்டது. மார்க்கெட் முனையில் ஒரு கடை விலைக்கு வந்ததும் வீட்டை அடமானமாகக் காட்டி லோன் கேட்டார். கடைக்காரரோ, மாசக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பேன், அப்புறம் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். பேங்கில் எல்லாம் சரியாக இருந்தது. வீட்டுக்கு மதிப்புப் போட்டு வேல்யூவர் ரிப்போர்ட் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

முதலில் வந்த வேல்யூவரை ரேடியோ வாசலிலேயே பிடித்துக்கொண்டார். டேப்பின் ஒரு நுனியைத் தானே பிடித்துக்கொண்டு, இருபது தெருக் கதையையும் சொன்னார். பின்னறைக்கு வந்ததும் குரலில் ஒரு பெருமை. "இது அப்புறமா கட்டினது சார். பிளான் அனுமதியெல்லாம் ஒண்ணும் கிடையாது. எனக்காக எம் மகன் போட்டுக் கொடுத்தான்." அந்த மனிதர் டேப்பைச் சுருட்டினார். அனுமதிக் காகிதம் இல்லாமல் ரிப்போர்ட் தர முடியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

லோன் ஏஜென்ட் வழி சொன்னார். "ஆள் தங்குற ரூம்னாதான் கேள்வி கேப்பாங்க. சாமான் போடுற ஷெட்டுன்னா கணக்குல சேர்க்காம விட்டுடுவாங்க. நான் வேற ஆளை அனுப்பச் சொல்றேன், உடனே முடிஞ்சிடும்."

இரண்டாவது தடவைக்கு உதவியாக நானும் போயிருந்தேன். எல்லாப் பூட்டையும் திறந்து வைத்தோம். மீட்டர் பெட்டி முன்னால் அடைந்து கிடந்ததை அகற்றினோம். பத்திர நகல்கள் மேசைமேல் தயாராக இருந்தன. இதுவரைக்கும் நல்ல வேலை. பிறகு மாப்பிள்ளை பின்னறைக்குள் போனார். தன் அப்பாவின் கட்டிலைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப் போனார். துணிமணிகளை ஒரு சாக்கில் திணித்தார்.

"மாமா துணியையாவது நம்ம பீரோவுல வைங்க" என்றாள் தங்கை.

"அதுக்கெல்லாம் நேரமில்ல." கட்டில் இருந்த இடத்தில் பழைய கம்ப்ரஸர்களையும் கழற்றிப் போட்ட ஃபிரிட்ஜ் கதவுகளையும் அடுக்கினார்.

அப்பா அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க பார்க்ல போய் உட்காருங்கப்பா. நானே வந்து கூப்பிடுறேன். அதுவரைக்கும் வராதீங்க."

"நான் ஒரு மூலைல பேசாம உட்கார்ந்திருக்கேன்டா."

"உங்களால பேசாம இருக்க முடியுமா?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டேதான் செருப்பை மாட்டினார்.

வந்தது ஒரு பெண். கண்டிப்பான முகம், சுறுசுறுப்பான கை. சுவரில் சிவப்புப் புள்ளி விழுகிற கருவியை வைத்து அறை அறையாக அளந்தார், போட்டோ எடுத்தார். வேகத்தில் மாப்பிள்ளைக்கு ஏற்ற ஜோடி என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னறையை எட்டிப் பார்த்து, "இங்க யாராவது தங்குறாங்களா?" என்று கேட்டார்.

"இல்லங்க. சும்மா சாமான் போட்டு வச்சிருக்கோம்" என்றார் மாப்பிள்ளை. ஒரு இழுப்பு இல்லை, தடுமாற்றம் இல்லை. வேலை முடிந்தது. வாசலில் நின்று அந்தம்மா கடைசியாக முகப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது கேட் திறந்தது.

அப்பா. ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு, கால்களை ஒட்டி வைத்து நின்றார். அவருக்குச் சர்க்கரை. பார்க்கில் ஒதுங்க இடம் கிடையாது. அதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

"யாரு பெரியவரே, யாரைப் பார்க்கணும்?" என்று அந்தம்மா கேட்டார்.

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. அப்பா அந்த முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"தெருவுல போறவன்மா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமான்னு..."

இப்போதாவது மாப்பிள்ளை வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். எக்ஸ்பிரஸ் ஓடிப்போய்த் தண்ணீர்தான் கொண்டுவந்தார். அப்பா வேண்டாத தண்ணீரை முழுக்கக் குடித்தார். "நல்லா இருங்க தம்பி" என்று டம்ளரை மகனிடம் நீட்டிவிட்டு, கேட்டை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.

அந்தம்மா காரில் ஏறியதுமே மாப்பிள்ளை ஓடினார். நானும் பின்னால் போனேன். தெருத் திருப்பத்தில், மின்கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவில் அப்பா நின்றுகொண்டிருந்தார். பேண்ட் முட்டிவரை நனைந்திருந்தது. அதை மறைக்கத்தான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருக்கிறார்.

"அந்தம்மா போயிட்டாங்களா?" என்றார். "உள்ள வரலாமா?"

குத்திக் காட்டக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். மாப்பிள்ளை தன் சட்டையைக் கழற்றி அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். பனியனோடு, தலையை நிமிர்த்தாமல், வீடுவரை அவரைக் கைப்பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு வந்தார். எக்ஸ்பிரஸ் அவ்வளவு மெல்ல நடந்து நான் பார்த்ததில்லை.

ரிப்போர்ட் மறுநாளே வந்துவிட்டது. கடையும் கிடைத்தது. நல்லாத்தான் ஓடுகிறது. கட்டிலை அன்றைக்கே பழைய இடத்தில் போட்டார்கள். மாப்பிள்ளை எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டார். "அட விடுடா, வேலை முடிஞ்சுதுல்ல" என்பார் அப்பா. எங்களோடு இப்போதும் ஓயாமல்தான் பேசுகிறார்.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது, கையில் ஃபைலோடு யாரோ ஒருவர் வந்து பெல் அடித்தார். பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, அப்பா குனிந்து செருப்பைத் தேடினார்.